ஒரு கோல்கூட போடாத ஓவியா

இன்னைக்கு கம்பம் மைதானத்துல சுருளிராஜன் அண்ணன பாத்தேன். திராட்சை ஏவாரி, சாயங்காலமானா எங்க ஊரு பொண்ணுக ஃபுட்பால் டீமுக்கு கோச். தோட்டத்துல ஒரே ஒரு பழத்த வாயில போட்டா போதும், எந்தக் கிழமை வெட்டணும்னு சொல்லிப்புடுவாக. ஆனா மிட்ஃபீல்டுல ஆடுற ஓவியா தேறுவாளான்னு கேட்டா மட்டும் மூணு வருசமா ஒரே பதில்தான்: "பாப்போம்."

இன்னைக்கு அவ அம்மா மகாலட்சுமி அக்கா மேட்ச்சுக்கே வந்துட்டாக.

"மூணு வருசத்துல ஒரு கோல் இல்ல. இன்னைக்கு ஒரு முடிவு சொல்லுங்கண்ணே. இல்லாட்டி நாளைக்கே தையல் கிளாஸ்ல சேத்துருவேன்."

"பந்த விட்டுட்டு உம்மகள மட்டும் பத்து நிமிசம் பாரு தங்கச்சி."

அக்கா பாத்தாக. பந்து வர்றதுக்கு முன்னாடியே ஓவியா ரெண்டு பக்கமும் திரும்பி, யாரு எங்கன நிக்கிறாகன்னு பாத்துக்கிட்டா. பந்து வந்ததும் ஒரே தட்டு, ஆளில்லாத பக்கம் ஓடுனவ காலுக்குப் போச்சு. எங்க டீமு போட்ட ரெண்டு கோலும் அவ தட்டிவிட்ட பந்துலதான். அக்கா அண்ணன் பக்கம் திரும்புனாக.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"எனக்கே போன மாசந்தான் தெரிஞ்சுச்சு."

தையல் கிளாஸ் இப்போதைக்கு இல்லையாம். ஞாயித்துக்கெழம மேட்ச்சுக்கு எல்லாரும் வாங்க. கோல் போட்டவளுக்கு மட்டும் கைதட்டுனா மகாலட்சுமி அக்கா திட்டுவாக, பாத்துக்கங்க.