கண்ணாடி துடைக்கும் நேரம்

ஏவிஸ் டாட்ரோ கண்ணாடியைக் கழற்றுகிறார். ஸ்வெட்டர் ஓரத்தை இழுத்து இடது சில்லைத் துடைக்கிறார், வலது சில்லைத் துடைக்கிறார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து மாட்டிக்கொள்கிறார். பிறகு கூடத்தின் இடது கோடியிலிருந்து வலது கோடி வரை பார்வையை ஒரு சுற்று ஓட்டுகிறார். யாரும் எழவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்த தீர்மானத்தின் மேல் விரலை வைத்து வாசிக்கத் தொடங்குகிறார். அந்தக் கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசியும் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

"இந்தம்மா கண்ணாடி தொடைக்கிற நேரத்துல நான் ரெண்டு மாட்டைக் கறந்துட்டு வந்துடுவேன்" என்று ஹார்லன் பட்னம் பக்கத்து நாற்காலிக்குச் சொல்வார். அவருடைய குரலுக்குப் பக்கத்து நாற்காலி என்பது கூடம் முழுவதும்.

வெர்மான்ட்டின் வடகோடியில், கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஸ்லேட்டர்ஸ் ஹாலோவில் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்டம். பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கூடத்தில் வாக்காளர்கள் எல்லாரும் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, எந்தச் சாலைக்குச் சரளை கொட்டுவது, தீயணைப்பு வண்டி வாங்குவதா வேண்டாமா, வரி எவ்வளவு என்று தாங்களே கை தூக்கி முடிவு செய்வார்கள். அந்தக் கூட்டத்துக்குப் பத்தொன்பது வருடமாக ஏவிஸ்தான் தலைவர். மற்ற நாட்களில் மஞ்சள் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். ஐம்பத்தேழு வயது, ஆண்பிள்ளைச் சட்டை, அதன் மேல் எப்போதும் ஒரே பச்சை ஸ்வெட்டர். பேருந்தில் யார் சத்தம் போட்டாலும் கண்ணாடி வழியாக ஒரு பார்வைதான். கூட்டத்திலும் அதே பார்வைதான்.

அவர் வீட்டில் சாப்பாட்டு மேசைகூடச் சபை மாதிரிதான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் முள்கரண்டியால் தட்டில் தட்டிவிடுவார். கணவர் ராய் இதற்கெல்லாம் பழகிப்போனவர். "இன்னும் ரெண்டு உருளைக்கிழங்கு வேணும்னு முன்மொழியறேன்" என்பார். மகள் கோலெட், "நான் வழிமொழியறேன், எனக்கும் போடு" என்பாள். சிரிக்காமல் பரிமாறுவது ஏவிஸின் வேலை. ஒரு வருடம் கூட்டத்தில் ராய் தன் முறை வருவதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டார். "மிஸ்டர் டாட்ரோ, உக்காருங்க." மனிதர் உட்கார்ந்தார். அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவர் பெயர் மிஸ்டர் டாட்ரோவாகவே இருந்ததாம்.

கூட்டத்தில் யாரும் யாரையும் பார்த்துப் பேசக்கூடாது. எல்லாப் பேச்சும் தலைவரைப் பார்த்துத்தான். ஒருவன் அடுத்தவனை முட்டாள் என்று சொல்ல நினைத்தால் அதையும் ஏவிஸிடம்தான் சொல்ல வேண்டும். பாதி முட்டாள்கள் அந்தச் சுற்றுவழியிலேயே மனம் மாறி வேறு வார்த்தை தேடிக்கொள்வார்கள். யார் பேசி முடித்தாலும், வைது முடித்தாலும்கூட, ஏவிஸ் "நன்றி, உக்காருங்க" என்பார். அது வாய் உபசாரம் இல்லை. வேலையை விட்டுவிட்டு, சேற்றுச் சாலையில் வண்டியை மாட்டிக்கொண்டு, ஊர் விஷயத்துக்காக ஒரு மனிதன் வந்து எழுந்து நிற்கிறானே என்று அவருக்கு நிஜமாகவே நன்றி.

கண்ணாடி துடைப்பதற்கும் ஒரு கதை உண்டு. தலைவரான முதல் வருடம், கூட்டத்தைச் சுருக்காக முடித்துக் காட்ட வேண்டும் என்று ஏவிஸுக்கு ஒரே வேகம். எல்வின் கார்வர் என்ற விவசாயி, தன் வீட்டு முனையில் ஒரு தெருவிளக்கு கேட்டுத் தோற்றிருந்தார். அந்தத் தீர்மானத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வதற்காக வேறொருவர் எழுந்துகொண்டிருந்தார். அவர் பாதி எழுவதற்குள் ஏவிஸ் அடுத்ததை வாசித்துவிட்டார். சட்டம் அப்படி: அடுத்ததைத் தொட்டுவிட்டால் முந்தியது முடிந்துபோன கதை. எல்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு சாகும் வரை கூட்டத்துக்கே வரவில்லை.

"ஜெயிச்சவன் எப்படியும் வருவான். தோத்தவன் அடுத்த வருஷம் திரும்பி வரணுமே, அவனுக்குத்தான் நான் தலைவர்" என்று ஏவிஸ் சொல்வார். கேட்டால்தான் சொல்வார்.

இந்த வருடம் எட்டாவது தீர்மானம், மிங்க் ஓடைப் பாலம். அதன் பலகைகள் இற்றுவிட்டதால் கனரக வண்டி போகக்கூடாது என்று அறிவிப்பு மாட்டியிருந்தார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம் மூன்று வீடுகள். அவற்றில் ஒன்று கோலெட்டின் வீடு. கோலெட்டுக்கு எட்டு மாதம். ஆம்புலன்ஸ் வர வேண்டுமானால் மலையைச் சுற்றிப் பதினொரு மைல் வர வேண்டும், அதுவும் மார்ச் மாதத்துச் சேற்றில். முந்தைய பிரசவத்தில் கோலெட் பட்ட பாடு ஏவிஸுக்குத் தெரியும். தெரிந்ததையெல்லாம் பல்லுக்குள் வைத்துக்கொண்டு, "எட்டாவது தீர்மானம்" என்று மற்றவற்றைப் போலவே வாசித்தார்.

ஹார்லன் எழுந்தார். கெட்டுப்போன முழங்கால், எழுவதற்கே நேரம் பிடிக்கும்.

"தலைவரம்மா, மூணு வீட்டுக்கு ரெண்டு வழிப் பாலமா? கான்கிரீட்டா? அந்தப் பக்கம் என்ன விமான நிலையமா இருக்கு? என் பால் விலை ஏறல, வரி மட்டும் ஏறணுமா?"

"நன்றி, மிஸ்டர் பட்னம். உக்காருங்க."

கோலெட் எழுந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, "அம்மா, நான் சொல்றது..." என்று தொடங்கினாள்.

"சபையில அம்மா கிடையாது."

கூடம் கொல்லென்று சிரித்தது. கோலெட்டின் முகம் சிவந்தது. "தலைவரம்மா, வலி எடுத்தா நான் பதினொரு மைல் தாங்கணும். அவ்வளவுதான்."

"நன்றி, உக்காருங்க." அந்த நன்றி மட்டும் சற்றே அமுங்கி வந்தது.

குரல் வாக்கெடுப்பில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம். ஒருவர் சந்தேகம் கிளப்ப, சபையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஆம் என்பவர்கள் சமையலறைப் பக்கச் சுவரோரம், இல்லை என்பவர்கள் ஜன்னல் பக்கம். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். ஊர் எழுத்தர் நடீன் எண்ணிக்கையை எழுதி நீட்டினார். ஆம் அறுபத்தொன்று. இல்லை அறுபது.

ஏவிஸ் அறிவித்தார். கோலெட் பக்கத்திலிருந்தவளைக் கட்டிக்கொண்டாள். அடுத்த தீர்மானம் கையில் இருக்கிறது. வாசித்துவிட்டால் பாலம் எழும்பிவிடும், யாராலும் அசைக்க முடியாது.

ஏவிஸ் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். தூக்கிப் பார்த்தார். மாட்டிக்கொண்டு இடது கோடியிலிருந்து பார்வையை ஓட்டினார். அது சமையலறைச் சுவர்வரை வந்து நின்றுவிட்டது. அங்கே, ஆம் கூட்டத்தின் நடுவில், இரண்டு கைகளிலும் துணி சுற்றிப் பெரிய பீன்ஸ் பானையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மருமகன் லுக் நின்றுகொண்டிருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்காகச் சமையலறையிலிருந்து பானையோடு வந்தவன், கூட்டம் வழியை அடைத்துக்கொண்டதால் சுடுபானையை இறக்கி வைக்க இடமில்லாமல் நின்றிருக்கிறான். எண்ணியவர் அவன் தோளையும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார். லுக் கியூபெக்காரன். அமெரிக்கக் குடிமகன் இல்லை, அவனுக்கு ஓட்டே கிடையாது. ஒன்பது வருடமாக ஊரில் பாதிப் பேர் வாசலில் பனி தள்ளுகிறவன் அவன். யார் வீட்டில் தீப்பிடித்தாலும் முதல் ஆளாகக் குழாயைப் பிடிக்கிறவனும் அவன்தான். அவன் வெளிநாட்டான் என்பது எண்ணிய இரண்டு பேருக்கும் நினைவே வரவில்லை. ஹார்லனுக்குக்கூட வரவில்லை.

ஏவிஸுக்கு வந்தது. வராமல் இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் அவர் ஆசைப்பட்டார். மூடி மறைக்க என்ன இருக்கிறது, ஆசைப்பட்டார்.

"மிஸ்டர் கானியோன்" என்று மருமகனைக் கூப்பிட்டார். "உங்களை எண்ணினாங்களா?"

லுக் பானையைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். "தோளைத் தொட்டாங்க. வழி விடச் சொல்றாங்கன்னு நெனச்சேன், தலைவரம்மா. கை சுடுது."

சிரிப்பு எழும்பிப் பாதியிலேயே நின்றது. எல்லாருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு தலையைக் கழிக்கணும்" என்றார் ஏவிஸ். "ஆம் அறுபது. இல்லை அறுபது."

நடீன் காதோரம் குனிந்தார். "சமம்னா தலைவருக்கு ஓட்டு உண்டு. உனக்கு உரிமை இருக்கு, ஏவிஸ். யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"தெரியும்." பிறகு மரச்சுத்தியை எடுத்துச் சபையைப் பார்த்துச் சொன்னார்: "தலைவருக்கு ஓட்டு உண்டு. பாலத்துக்கு அந்தப் பக்கம் என் பொண்ணு இருக்கா. அதனால இந்தத் தலைவர் போடப்போறதில்ல. சமம்னா தீர்மானம் தோத்தது."

சுத்தி விழுந்தது. எல்லாரும் நாற்காலிகளுக்குத் திரும்பினார்கள், கோலெட் மட்டும் உட்காரவில்லை. தாயை நேராகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையை எந்த விதியும் தடுக்க முடியாது. ராய் மடியிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லுக் பானையை மேசையில் வைத்துவிட்டுக் கையை உதறினான்.

இனி ஒரே வழிதான் உண்டு. தோற்ற தீர்மானத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம். ஆனால் ஜெயித்த பக்கத்தில் நின்ற ஒருவர்தான் அதைக் கேட்க முடியும். கோலெட் கேட்க முடியாது, ராய் கேட்க முடியாது. ஜன்னல் பக்கத்து அறுபது பேரில் ஒருவருக்கு மனசு வர வேண்டும், அதுவும் அடுத்த தீர்மானத்தை வாசிப்பதற்குள்.

ஏவிஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

இழுத்தடித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று கை சொன்னது. மகளுக்காக இழுத்தடித்தாள் என்று வந்துவிடக் கூடாதே என்று மனம் சொன்னது. இடது சில்லு. வலது சில்லு. வழக்கமாக எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம், ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தூக்கிப் பார்த்தார். மாட்டினார். இடது கோடி, நடு, ஜன்னல் பக்கம். யாரும் எழுந்து நிற்கவில்லை. ஒன்பதாவது தீர்மானத்தின் மேல் விரலை வைத்தார். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

ஹார்லன் பட்னம். முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்திருந்தார். கண்ணாடி கழன்றபோதே எழ ஆரம்பித்தவர், முழங்கால் இன்னும் ஒத்துழைக்கவில்லை.

ஏவிஸின் வாய் திறந்திருந்தது. மூடிக்கொண்டார். விரலைத் தாளிலிருந்து எடுத்தார்.

"தலைவரம்மா" என்றார் ஹார்லன், நிமிர்ந்தும் நிமிராமலும். "நான் ஜெயிச்ச பக்கம். எட்டாவதைத் திரும்ப எடுக்கணும்னு கேட்டுக்கறேன்."

"காரணம் சொல்ல விரும்பறீங்களா, மிஸ்டர் பட்னம்?"

"பீன்ஸ் பானையை நான் பார்க்கல. பார்த்திருந்தா கூரை பிய்யற மாதிரி கத்தியிருப்பேன். பார்த்தவங்க சொல்லாமலே விட்டிருக்கலாம், விடல. அவ்வளவு கறாரா இருக்கிற எடத்துல நான் மட்டும் சின்னப்புத்தியோட வீட்டுக்குப் போக முடியாது." மூச்சு வாங்கினார். "ஆனா கான்கிரீட்டுக்கு இப்பவும் ஒத்துக்க மாட்டேன். ஒரு வழி, மரப்பாலம். உத்தரம் என் காட்டுல இருக்கு, வெட்டிக்கட்டும். பிரசவத்துக்குப் போற வண்டிக்கு ஒரு வழி போதும்."

"வழிமொழியறேன்!" ஜன்னல் பக்கத்திலிருந்து இரண்டு குரல்கள்.

ஒரு வழி மரப்பாலம் என்று திருத்திய தீர்மானத்துக்கு மறுபடி சபை பிரிந்தது. நடீன் முதல் வேலையாக லுக்கைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். "நீ வெளிய தலை காட்டாதே!" உள்ளேயிருந்து அவன் கத்தினான்: "அடுத்த மார்ச்சுக்குள்ள குடியுரிமைக்கு எழுதிப் போட்டுடறேன், சத்தியமா!" ஒன்பது வருடமாக அவன் இதைச் சொல்லிவருகிறான். ஆனால் இதுவரை கத்திச் சொன்னதில்லை.

ஹார்லன் ஜன்னல் பக்கத்திலிருந்து கூடத்தைக் கடந்து வந்தார். நொண்டி நொண்டி வந்ததால் ஊரே பார்க்க நேரம் இருந்தது. கோலெட் நகர்ந்து தன் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டாள். ஆம் எழுபத்தெட்டு. இல்லை நாற்பத்திரண்டு.

ஏவிஸ் அறிவித்தார். குரல் அதே குரல்தான். "நன்றி, மிஸ்டர் பட்னம்" என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக "உக்காருங்க" சொல்ல மறந்துபோனார். இத்தனை வருடம் ஊருக்குக் கொடுத்துவந்த அந்தச் சிறிய நேரம், இன்றைக்கு ஊர் வழியாகத் தன்னிடமே திரும்பி வந்துவிட்டது. அந்த நன்றி நெஞ்சு கொள்ளாமல் நின்றது.

அடுத்தது ஒன்பதாவது. தாளைப் பார்த்தார், எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் ஓரத்தால் இடது சில்லைத் துடைத்தார், வலதைத் துடைத்தார், மறுபடி இடதைத் துடைத்தார். இன்றைக்குத்தான் அதில் துடைக்க ஏதோ இருந்தது. கூடம் காத்திருந்தது.

"அவசரமில்ல, தலைவரம்மா" என்றார் ஹார்லன், பக்கத்து நாற்காலிக்குச் சொல்வதுபோல். "மாடு காத்திருக்கும்."