எலுமிச்சம்பழம் கட்டிய போர்டு

எங்கள் தெருவுக்குப் பெயர் வந்தது என்னால்தான். செம்பட்டி ரோட்டை விட்டு இந்தப் பக்கம் திரும்பினால் அப்போது வெறும் சோளக்கொல்லை. மூலையில் ஒரு புளியமரம். அதன் கிளையில் நான் தொங்கவிட்ட பழைய டயர். கீழே என் பஞ்சர் கடை. பிறகு பிளாட் போட்டு விற்றார்கள். வீடு கட்ட வந்தவர்களுக்கு மணல் லாரிக்கு வழி சொல்ல வேறு அடையாளம் கிடையாது. "பஞ்சர்காரர் இருக்காருல்ல, அந்தத் தெரு" என்றார்கள். அதுவே பஞ்சர்காரர் தெரு ஆனது.

பக்கத்துத் தெருக்களும் இப்படித்தான். அடுத்தது நர்ஸம்மா தெரு. பிரசவ வலி என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடாமலே போய் நிற்கும் அந்த அம்மா. அதற்கடுத்தது பாய் கிணத்துச் சந்து. தோல் வியாபாரம் செய்த பாய் ஒருவர், குழாய் வராத காலத்தில், தன் கிணற்று மதிலை ஆள் நுழையும் அளவுக்கு இடித்துவிட்டார். யாரும் வந்து இறைக்கலாம். மதிலை அவர் திரும்பக் கட்டவே இல்லை. இரண்டு பேரும் இப்போது இல்லை.

போன வருடம் எனக்கு நெஞ்சு வலி வந்தது. மதுரையில் ஸ்டென்ட் வைத்தார்கள். திரும்பி வந்து கடை திறந்த சமயம், எல்லாத் தெருவுக்கும் போர்டு வைப்பது என்று தெருக்காரர்கள் கூடிப் பேசினார்கள். எங்கள் தெருவுக்கு இருக்கிற பெயரையே எழுதிவிடுவது என்று முடிவானது. நான் சரி என்றேன். அந்தப் பெயர் எனக்கு வேண்டும். வெயிலோ மழையோ, அந்த மரத்தடியை விட்டு நகராமல் இருந்ததற்கு வந்த பெயர் அது.

வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை.

"உசுரோட இருக்குற ஆளுக்கு எவனாச்சும் போர்டு வைப்பானா? நர்ஸம்மா இருக்கா? பாய் இருக்காரா?"

"பேரு வந்தப்ப ரெண்டு பேரும் நல்லாத்தான இருந்தாங்க. அந்தம்மா பேரன் கல்யாணத்தையே பாத்துட்டுத்தான் போச்சு."

"பேரு வந்தப்ப இருந்தாங்க. போர்டு ஆளு போன பெறகுதான வருது. அதத்தான் நானும் சொல்றேன்."

ட்யூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை பார்த்தேன். நான் மதுரை ஆஸ்பத்திரியில் உள்ளே கிடந்தபோது இவள் வெளியே பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால் சத்தம் போடவில்லை. விட்டும் கொடுக்கவில்லை.

போர்டு நட்ட அன்று பெயின்டர் 'பஞ்சர்' வரைக்கும் எழுதியிருந்தான். இவள் வந்து நின்றாள்.

"தம்பி, நிறுத்து."

அவன் பிரஷை டப்பாவில் போட்டான். "அக்கா, இதோட நிறுத்துனா தெருவே பஞ்சராயிப் போச்சுன்னு நெனைப்பாங்கெ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எழுதித்தான் ஆகணுமா?"

"ஆகணும்."

விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். பெயின்ட் காயும் முன்னே திரும்பி வந்தாள். கையில் ஊசி நூலில் கோத்த எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். லாரியின் முன்னால் திருஷ்டிக்குத் தொங்குமே, அதே மாதிரி.

"வர்ற கண்ணு அம்புட்டும் இதுல விழுகட்டும்" என்றாள்.

தொங்கவிட ஒரு கம்பியை நான் வளைத்துக் கொடுத்தேன். அவள் கட்டினாள்.

அன்றிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை மாற்றிவிடுவாள். காற்றுப் பிடிக்க வரும் ஒட்டன்சத்திரம் காய்கறி வண்டிக்காரர் நல்ல பெரிய பழமாக எடுத்துக் கொடுப்பார். ரோட்டில் போகிற ஆளுக்கு எழுத்து தெரிவதற்குள் பழம் தெரிந்துவிடும்.

சமீபத்தில் கூரியர்காரர் ஒருவர் கடை முன்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எலுமிச்சம்பழத் தெருவுலதான் சார் நிக்கிறேன். பஞ்சர்காரர் தெருவா? அது எங்கிட்டு இருக்குன்னு தெரியல சார்."

நான் பார்சலில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, கையை நீட்டி அந்த வீட்டைக் காட்டினேன். ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரியிடம் சொன்னேன்.

"இனிமே தெரு உன் பழத்து பேர்லதான் நிக்கும் போல."

"நிக்கட்டும். எம் பயமும் போச்சு" என்றாள். "இன்னொரு தோசை போடவா?"

"போடு."

இந்த அமாவாசைக்கு அவளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. "பழத்த மாத்தலயே" என்று படுத்தபடி இரண்டு தரம் சொன்னாள். கடையைத் திறக்குமுன் நானே கோத்தேன். பழைய பழம் காய்ந்து கல்லாகக் கிடந்தது. அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, புதியதைப் பெயருக்குக் குறுக்கே, பழம் நன்றாகத் தெரிகிற மாதிரி கட்டினேன்.