வில்லை யார் காவுவது

வில் எய்யப் பழகுகிறேன் என்று நான் சொன்னபோது, கேட்டவர்கள் எல்லாரும் என் கண்ணைப் பற்றியும் தோள்மூட்டைப் பற்றியுமே விசாரித்தார்கள். வில்லைக் கொண்டு நடப்பதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. உண்மையில் எய்வது சிறிய வேலை. எங்கள் கழகத்தின் காட்டுப் பாதையில் இருபத்தெட்டு இலக்குகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் போதும். மிச்ச மூன்று மணித்தியாலமும் ஏற்றத்திலும் இறக்கத்திலும், நிலத்தில் ஊன்றினால் என் தாடைவரை வருகிற ஒரு பொருளைக் காவிக்கொண்டு நடப்பதுதான்.

ஜெர்மனியில் வில்லால் விலங்கை வேட்டையாடச் சட்டம் இடங்கொடாது. ஆகையால் நாங்கள் வேட்டையாடுவது நுரையால் செய்த பன்றியையும் மானையும் கரடியையும். அவை ஓடுவதில்லை. அப்படியிருந்தும் பல தடவை என்னிடமிருந்து தப்பியிருக்கின்றன.

நூலக வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற நாளை, எனக்கு முன்பே ஓய்வு பெற்றிருந்த என் கணவர் ஒரு திருவிழாவைப்போல எதிர்பார்த்திருந்தார். அன்று தொடக்கம் எங்கே போனாலும் கூடவே வந்தார். பல் வைத்தியரிடம் எனக்கு டெர்மீன், அதாவது முன்பதிவு செய்த நேரம், என்றால், கதிரையில் நான் சாய்வதற்குள் அவர் வைத்தியரிடம் நலம் விசாரித்து முடித்துவிடுவார். துணிக்கடையில் உடை மாற்றும் அறைக்கு வெளியே நின்று, "சரி வருதோ?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் கையில் ஒரு பொருளையும் விடமாட்டார்; அரிசி மூட்டை தொடக்கம் மல்லித்தழைக் கட்டுவரை எல்லாம் அவர் தோளில்தான். அவரில் ஒரு பிழையும் இல்லை. எனக்குக் கிழமையில் ஒரு காலைப்பொழுது தனியாக வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

எங்கள் கழகத்தில் ஒரு வழி இருந்தது. மேற்பார்வையாளர் ஒருவரோடு முழுப் பாதையையும் நடந்து தேறியவர்களுக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அட்டை உள்ளவர் வேலைநாட்களில் தனியே காட்டுக்குள் போகலாம். விதி சிறியது: முதல் இலக்கிலிருந்து கடைசி இலக்குவரை உங்கள் வில்லை நீங்களே காவவேண்டும், வேறொருவர் கை பட்டால் அன்றைய நடை செல்லாது. அடுத்த சந்தர்ப்பம் பனிக்காலம் கழிந்துதான்.

தேர்வு நாளன்று என் கணவரும் வந்தார். முதுகுப்பையில் இடியப்பமும் சம்பலும் சுடுதண்ணீர்ப் போத்தலும் இருந்தன. மேற்பார்வையாளர் நரைத்த குட்டை முடியும் நீண்ட கால்களும் கொண்ட ஜெர்மன் பெண்மணி. அவர் விதியை விளக்கி முடிப்பதற்குள் என் கணவரின் கை என் வில்லை நோக்கி நீண்டுவிட்டது.

"உதை இஞ்ச தாரும், நான் கொண்டு வாறன்."

"தொடாதேங்கோ! தொட்டால் எல்லாம் போச்சு."

"ஏனப்பா, நான் என்ன தீட்டோ?"

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இத்தனை ஆண்டு மணவாழ்வில் வெறுங்கையோடு என் பக்கத்தில் அவர் நடந்ததை நான் அன்றுதான் கண்டேன். பார்க்கப் பாவமாக இருந்தது.

முதல் ஐந்து இலக்குவரை வில்லை நடுவில் பிடித்துத் தண்ணீர் வாளிபோலத் தொங்கவிட்டேன். மணிக்கட்டு நொந்தது. பிறகு மண்வெட்டிபோலத் தோளில் சாத்தினேன். திரும்பிய போதெல்லாம் பின்முனை என் கணவரின் தொப்பியைத் தட்டியது. எட்டாவது இலக்கைக் கடந்ததும் எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. சிறுவயதிலிருந்து நாட்காட்டிப் படங்களில் நான் பார்த்த வில்லேந்திய தெய்வங்கள் எல்லாம் நாண் மார்பின் குறுக்கே வர, வில்லை முதுகில் மாட்டிக்கொண்டல்லவா நிற்கின்றன? எவ்வளவு இலகு! நானும் தலையையும் ஒரு கையையும் நாணுக்குள் நுழைத்து மாட்டிக்கொண்டேன். தெய்வங்கள் பஞ்சு வைத்த குளிர்ச்சட்டை போடுவதில்லை என்பதும், அவை ஒரே இடத்தில் நிற்கின்றன என்பதும் அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

இருபது அடி நடந்திருப்பேன். வில்லின் மேல்முனை ஒரு புதருக்குள் புகுந்து கிளையில் கொளுவியது. முன்னே போனால் நாண் கழுத்தை அறுத்தது. பின்னே போனால் புதர் என்னை உள்ளே இழுத்தது. கழற்றப் பார்த்தால் சட்டை விடவில்லை. என் கணவர் ஓடி வந்தார்.

மேற்பார்வையாளர் கையை உயர்த்தினார். "பேசலாம். தொடக்கூடாது."

"நீங்கள் மனிசரோ?" என்று என் கணவர் அவரைத் தமிழில் கேட்டார். அந்த அம்மையார் புன்னகைத்துத் தலையாட்டினார். பிறகு என் கணவர் என் பக்கம் திரும்பி, "அசையாதேயும். குந்தும். குந்தினால் முனை கழரும்" என்றார்.

"குந்த ஏலாது. நாண் இறுக்குது."

"அப்ப சட்டையைக் கழட்டும்."

"காட்டுக்குள்ள வைச்சோ?"

"இஞ்ச ஆர் இருக்கினம்? அங்க நிக்கிற மான்கூட றப்பர்."

சட்டையின் சிப்பைத் திறந்து, அதற்குள்ளிருந்து பாம்பு சட்டை உரிப்பதுபோல நெளிந்து வெளியே வந்தேன். சட்டையும் வில்லும் புதரிலேயே தொங்கின. நானே எடுத்தேன். அந்த அம்மையார் தம் தாளில் எதையோ குறித்தார். இன்னும் இருபது இலக்குகள்.

சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு நின்றபோது டுசல்டோர்ஃப் டிராம் நினைவுக்கு வந்தது. மாலை நெரிசலில் கைப்பையை எப்படி வைத்திருப்போம்? வாரைத் தோளில் மாட்டி, பையைக் கக்கத்துக்குள் இடுக்கி, முன்பக்கத்தைக் கையால் அழுத்திக்கொள்வோம். நாணைத் தோளில் மாட்டினேன்; வில் கக்கத்துக்குக் கீழே கிடையாகக் கிடந்தது; முன்முனையைக் கையால் தாழ்த்திப் பிடித்தேன். நடக்க முடிந்தது! ஆனால் கொஞ்ச நேரத்தில் நாண் தோளில் பதிந்து எரியத் தொடங்கியது.

ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு ஆண்டுதோறும் காவடி எடுப்பவர் என் கணவர். இந்த நோவு அவருக்குத் தெரிந்த நோவு.

"கழுத்துச் சால்வையை நாலாய் மடியும். அப்பிடியில்ல, மடிப்பு வெளிப்பக்கம் வரவேணும். எலும்பில வையாதேயும், சதையில. ஆ, இப்ப கொஞ்சம் பின்னுக்கு." அவருடைய கைகள் காற்றில் என் தோளைச் சரிசெய்துகொண்டிருந்தன.

எரிச்சல் நின்றது. இருபத்தெட்டாவது இலக்கான கரடிவரை அப்படியே நடந்தேன். கரடியின் காதில் அம்பு பட்டது; அதுவும் கணக்கில் சேரும்.

மேற்பார்வையாளர் அட்டையில் என் பெயரை எழுதிக் கையொப்பமிட்டு நீட்டினார். இதையாவது காவட்டும் என்று என் கணவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"தனியாப் போகலாம் எண்டு கிடக்கு."

"ஓம்."

"அப்ப நான்?"

இடியப்பப் பார்சலைப் பிரித்தபடி சொன்னேன். "வியாழக்கிழமை காலமை மட்டும். மற்ற ஆறு நாளும் நீங்கள் இருக்கிறியள்தானே."

அவர் நெடுநேரம் சம்பலைக் குழைத்தார். "முதலே சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியில். "நான் கைகட்டி நடந்த நடைக்கு, எனக்கும் ஒரு அட்டை தரவேணும் உந்த அம்மா."

அடுத்த வியாழக்கிழமை நான் தனியே போனேன். முதல் பன்றியைத் தவறவிட்டேன். "பரவாயில்லை, காத்துத்தான் தள்ளிப்போட்டுது" என்று சொல்ல ஒருவரும் இல்லை. உதிர்ந்த இலைகளுக்குள் அம்பைத் தேடி முழங்காலில் தவழ்ந்தேன். அரை மணித்தியாலம் பிடித்தது. நான் அவசரப்படவில்லை.