தொடர்ந்து மூன்று நாள் வராதவர்கள்

சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் ஒரு வாரம் ஏசி அறையில் உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கான ஆள் திட்டத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். ஜெயக்கொடி அதை இரண்டு முறை படித்தாள்.

சமயநல்லூர் ரோட்டில் அந்த ஆயத்த ஆடைக் கம்பெனி தொடங்கிய வருடமே பேரையூரிலிருந்து பஸ் ஏறி வந்து, நூல் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்தவள் அவள். தபாலில் பட்டம் படித்து இன்றைக்குப் பணியாளர் பிரிவு அதிகாரி. ஒப்பந்தத்தில் கிடக்கும் அறுபது பெண்களை வருகிற வருடம் நிரந்தரமாக்க வேண்டும் என்று ஐந்து வருடமாக நச்சரித்து முதலாளியைத் தலையாட்ட வைத்ததும் அவள்தான்.

அதில்தான் மண் விழுந்தது. தொடர்ந்து மூன்று நாள் வராதவர்களுக்கு நிரந்தரமும் இல்லை, ஊக்கப்பரிசும் இல்லை என்று ஆலோசகர் எழுதியிருந்தார். மாசி சிவராத்திரிக்கு இந்தப் பக்கத்துச் சனம் குலசாமி கோயிலில் மூன்று நாள் தங்கும் என்று அந்த மனிதருக்கு யார் சொன்னது? அறுபதில் ஐம்பத்திரண்டு பேர் அடிபட்டார்கள். பேக்கிங்கில் பதினோரு வருடமாக நின்று நின்றே கால் நரம்பு சுருண்டுபோன மாயக்காளும் அதில் ஒருத்தி. அந்த மூன்று நாள் தவிர அவள் லீவு போட்டதே கிடையாது.

ஆலோசகரை விடுங்கள், வெளியூர்க்காரர். அதை அப்படியே ஏற்றுக்கொண்ட மேனேஜர் ராம்கிக்கு என்ன கேடு வந்தது? ஜெயக்கொடியின் வீட்டுக்காரருக்குப் பங்காளி அவன். கும்பிடுவது ஒரே கோயில். அவன் அறைக்கே போய்க் கேட்டாள்.

"சாமி கும்பிடப் போனது குத்தமா தம்பி?"

"நான் என்ன பண்ண மதினி. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். வராதவங்க லிஸ்ட்ட டைப் அடிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒங்களுக்கும் புரமோஷன் வருதுல்ல, கெடுத்துக்கிறாதீக."

எல்லாருக்கும் ஒன்றாம். அரை மணி நேரத்தில் பட்டியலை அவன் மேஜையில் போட்டாள். ஐம்பத்துநாலு பெயர். கடைசி இரண்டு ஜெயக்கொடி, ராம்கி.

"என்ன மதினி, வெளாட்டா?"

"நானும் மூணு நாள் வரல. நீங்க நாலு நாள். சாமிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நீங்க முன்னாடி நடந்தீக, பொங்கப்பானையோட மாயக்கா பின்னாடி வந்துச்சு. அதுக்கு மட்டும் தண்டனையோ?"

ராம்கி முகம் இருண்டது. பிறகு பேனாவை எடுத்தான். தாளின் மேலே இருந்த விதியை அடித்துவிடுவான் என்று அந்த மடச்சி ஒரு நொடி நம்பினாள். அவன் இரண்டே இரண்டு பெயரை அடித்தான். அவன் பெயர், அவள் பெயர்.

"இப்பச் சரியா மதினி?" என்றான், ஏதோ பெரிய உபகாரம் செய்தவன்போல.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஜெயக்கொடி தாளைப் பிடுங்கி, மாயக்காள் பெயருக்குக் கீழே தன் பெயரை மறுபடி எழுதினாள். கையெழுத்துப் போடவில்லை. நேரே பேக்கிங் பிரிவுக்கு நடந்தாள். பெண்கள் நடுவில் நின்று முதலில் அந்த விதியை வாசித்தாள். அப்புறம் பெயர்களை ஒவ்வொன்றாக.

"ஒம் பேரு எதுக்குத்தா இதுல?" என்றாள் மாயக்காள்.

"நானும்தானக்கா போனேன்."

மாயக்காள் கையிலிருந்த டேப்பை மேஜையில் வைத்தாள். பக்கத்தில் நின்றவளும் வைத்தாள். அதற்கடுத்தவளும். மேனேஜர் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராம்கி நாற்காலியை விட்டு எழுந்தான்.