அக்காவின் குரலை நிறுத்திய குறி

தொண்ணூறுகளின் கடைசியில் வண்ணார்பேட்டையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். அங்கே பாட்டுகளைக் கலக்கும் மென்பொருளில் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். எந்தக் குரல் எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்று வரிவரியாக ஒரு கோப்பில் எழுதி ஓடவிட்டால் முழுப் பாட்டும் கலந்து வந்துவிடும்.

முருகன் பாட்டுக்குப் பேர்போன பாடகர் ஒருவர் எங்களிடம்தான் பதிவு செய்வார். உச்சத்தில் அவர் குரல் உடைந்துவிடும். அந்த இடங்களைக் கனத்த குரலுள்ள என் அக்கா பாடுவாள். அவர் குரலைத் தணித்து, அக்காவின் குரலை அதன்மேல் ஏற்றுவதற்கு நான் எழுதியது ஒரே ஒரு வரி. கேட்பவர்கள் இரண்டும் அவர் குரல் என்றே நம்பினார்கள்.

கேசட் அட்டையில் தன் பெயரையும் போடச் சொல்லி அக்கா ஒருநாள் அவரிடம் கேட்டாள். வாத்தியக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"பின்னால நின்னு ஊளையிடுததுக்குப் பேரு வேற கேக்குதோ?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்கா வீட்டில்கூட வாய் திறந்து பாடவில்லை. நான் சமயத்துக்காகக் காத்திருந்தேன்.

புதுப் பாட்டுகளைக் கேட்கத் திருச்செந்தூர் கேசட் வியாபாரியை அவரே அழைத்து வந்தார். மனைவி, மச்சினன் எல்லோரும் கூட வந்து உட்கார்ந்தார்கள். அக்காவின் வரிக்கு முன்னால் ஒரு சின்னக் குறியைப் போட்டேன். குறி இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். பாட்டை ஓடவிட்டேன்.

பல்லவி நன்றாகத்தான் போனது. உச்சம் வந்ததும் அவர் குரல் கீறிக்கொண்டு விழுந்தது.

"என்ன அண்ணாச்சி, தொண்ட கட்டியிருக்கோ?" என்றார் வியாபாரி.

பாடகர் எழுந்தே விட்டார். "ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க?"

"ஒண்ணும் செய்யல அண்ணாச்சி. உங்க குரல மட்டும் விட்டிருக்கேன்."

"அந்தப் புள்ள குரலச் சேருட்டி!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் யார் முன்னால் கத்தினோம் என்று அவருக்கு உறைத்தது. அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "எந்தப் புள்ள?" என்று வியாபாரி மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் பாடகரே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அட்டையில் பெயர் போடுவதாகச் சொன்னார்.

"பேரு வேண்டாம்" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "என் குரல எல்லாத்தையும் அழிச்சிரு" என்றாள்.

அழித்தேன். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. யோசிக்காமல் ஆம் என்று தட்டினேன். அவர் சுருதியைக் குறைத்து எல்லாவற்றையும் திரும்பப் பாட வேண்டியதாயிற்று. அந்த வியாபாரி அதன்பின் அவர் கேசட்டை எடுக்கவில்லை.

அழித்த அன்று சாயங்காலம், "வியாபாரி முன்னால அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று அக்கா கேட்டாள். முதலிலிருந்து சொன்னேன். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். எனக்கும் அலுக்கவில்லை.