துருவைத் தேய்த்த நாள்

விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஜப்பான் வாள் கிடந்தது. பர்மா சண்டைக்குப் போன தாத்தா கொண்டுவந்தது. இத்தனை காலமாக அதற்கு ஒரு வேலையும் இல்லை. என் கெட்ட நேரம், எனக்குத்தான் அதை இறக்கத் தோன்றியது.

என் மனைவி பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்த்தாள். பக்கத்துக் கம்பெனியில் வெடித்த பிறகு, அங்கே போய் உட்காரவே அவள் பயந்தாள். வேலையை விட்டுவிட்டுத் தையல் கடை போட வேண்டும் என்பாள். அதற்குத்தான், பழைய ஆயுதங்களுக்கு மதிப்புச் சொல்லும் சென்னைக்காரர் ஒருவருக்கு வாளைப் படமெடுத்து அனுப்பினேன்.

அன்றைக்கே போனில் கூப்பிட்டார். "ஓரத்துல அலை அலையா கோடு தெரியுது பாருங்க, கையால அடிச்ச பழைய வாள். கைப்பிடியைக் கழட்டி உள்ள இருக்கிற இரும்பைப் படம் எடுத்து அனுப்புங்க. செஞ்சவர் பேரை அதுலதான் வெட்டியிருப்பாங்க. நல்ல பேரா இருந்தா உங்க ஊர்ல ஒரு வீடே வாங்கலாம்."

எனக்கு அது போதாதா? "நீ இனிமே கம்பெனிக்குப் போகாண்டாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். பெரிய ஜமீன்தார் நினைப்பு. அவளும் நம்பி, மறுநாளே போர்மேனிடம் நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்கடுத்த நாள் ஆயுத பூஜை. நான் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷின் ஓட்டுகிறவன். அன்றைக்கு எங்களுக்கு ஒரு ஸ்பானரில்கூடத் துரு இருக்கக் கூடாது. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து வாளின் கைப்பிடியைக் கழற்றினேன். உள்ளே கறுப்பேறிய துரு. மண்ணெண்ணெய் விட்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன்.

"அவுக கேட்டது போட்டோதானே? எதுக்கு இந்தத் தேய் தேய்க்கீக?" என்றாள்.

"துருப்பிடிச்சதுக்குப் பொட்டு வைக்கவா? உனக்கு என்ன தெரியும்" என்றேன்.

பாத்திரக்கடை எவர்சில்வர் மாதிரி மின்னியது. சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டுப் படம் அனுப்பினேன்.

"யாருங்க இதைத் தேய்ச்சது?" என்றார் சென்னைக்காரர்.

"நான்தாங்க. இன்னைக்குப் பூஜை."

"வாளோட வயசைச் சொல்றதே அந்தத் துருதாங்க. அதுல கையே வைக்கக் கூடாது. பேரும் போச்சு, ரெண்டு கீறல்தான் நிக்குது. இனிமே இது யார் செஞ்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வீட்டுல மாட்டி வச்சுக்கோங்க."

முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்க வேண்டாமா என்று அவரிடம் கத்தினேன். என் மேல் வந்த ஆத்திரத்தை வேறு எங்கே காட்டுவது? அவர் போனை வைத்துவிட்டார்.

மனைவி என்னைத் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஆறியிருப்பேன். பூஜை லீவு முடிந்ததும் கம்பெனிக்குப் போய், திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறாள். தீபாவளி சீசன் என்பதால் பாக்கிங்கில் அவள் இடத்துக்கு அதற்குள் ஆள் போட்டுவிட்டார்கள்.

"மருந்து கலக்குற ரூம்லதான் எடம் இருக்காம்" என்று வந்து சொன்னாள். வெடித்தால் முதலில் சிதறுவது அந்த ரூம்தான். "சரின்னு சொல்லிட்டேன்."

நான் வாளைப் பழையபடி பரணில் ஏற்றி வைத்தேன். இப்போதும் அவள் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.