மெலேரியின் டிராக்டரும் பள்ளத்து மிலாறும்

எங்கள் கும் ஹெஸ்க் பள்ளத்தாக்கில் ரொட்டி சுடுகிறவன் ரொட்டி ஜோன்ஸ், கல்லறை வெட்டுகிறவன் குழி ஜோன்ஸ். மெலேரிக்கு மட்டும் தொழிலைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை, வாயைப் பார்த்து வைத்தார்கள். 'பார்ப்போம்' மெலேரி. நாளைக்கு வெயிலடிக்கும் என்றால், "பார்ப்போம்." பாதிரியார் சொர்க்கம் உண்டு என்றால், "பார்ப்போம்." கிளின் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் அதையேதான் சொன்னாளாம். பாவம், மனிதன் இரண்டு தடவை ஆட்டு ரோமம் கத்தரிக்கும் காலம் வரை காத்திருந்துதான் கட்டிக்கொண்டான்.

அந்தக் கிளின் போய்ச் சேர்ந்த மறுவருடம் வீட்டுக்கு மேலே சரிவில் நின்ற லார்ச் மரங்களுக்கு நோய் வந்தது. வெட்டித்தான் ஆகவேண்டும் என்று உத்தரவு. பெரிய பெரிய இயந்திரங்கள் வந்தன, அடிமரத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு போயின. கொப்பும், சுள்ளியும் சிறுகிளையுமான மிலாறும் இடுப்பளவுக்குச் சரிவு முழுக்கக் கிடந்தன. லார்ச்சை எடுத்துவிட்டு ஓக் வைக்கவேண்டும், ரோவனும் பிர்ச்சும் வைக்கவேண்டும் என்று கிளின் உயிரோடிருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தவன். அவன் ஆசைப்பட்ட கன்றுகளை மெலேரி வரவழைத்தாள். வெறும் வேரோடு கட்டுக்கட்டாக வந்தவற்றைக் கொட்டகைக்குப் பின்னால் ஈரமண்ணில் புதைத்து வைத்தாள். மொட்டு விரிவதற்குள் நட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் செத்துப்போகும். நடுவதற்கு முன்னால் அந்த மிலாற்றை வாரியாக வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவளுக்கு இதைத் தவிர வேறு நினைப்பே கிடையாது.

இயந்திரம் தேடப் போன கதையைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். ஷ்ரூஸ்பரிப் பக்கத்து வியாபாரி ஒருவன், வாயில் வெண்ணெய் தடவியவன், எல்லாவற்றையும் அடித்து மாவாக்கிவிடும் பெரிய இயந்திரம் ஒன்றைக் காட்டினான். அவள் கேட்டது ஒரே கேள்வி: "கல்லு இருந்தா?"

"கல்லு பட்டாலும் ஒண்ணும் ஆகாதும்மா."

"கல்லுக்கா, மெஷினுக்கா?"

அவன் பேச்சை மாற்றினான். கொப்பைச் சீவித் துகளாக்கும் இயந்திரத்தைக் காட்டினான். ஒவ்வொரு கொப்பாகக் கையால் ஊட்ட ஆள் வேண்டும், நம் மேல்சரிவுக்கு அது ஏறவும் ஏறாது என்று அதையும் தள்ளினாள். கடைசியில் மூலையில் நின்ற ஒரு குட்டி டிராக்டரிடம் போனாள். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துத் தயாரிப்பு. நாலு சக்கரமும் ஒரே அளவு, டயர் அகலம், உடம்பு தணிவு. வியாபாரி சாவியைப் போடுவதற்கு முன்னால் இஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"எனக்காக முன்னாடியே ஓட்டி வச்சிருக்கியா? குளிர்ல கிளம்பாதோ?"

"அய்யோ, இப்பத்தான் கழுவுறதுக்காக நகர்த்தினேன்."

"பார்ப்போம்," என்றாள். கொண்டுபோயிருந்த பையிலிருந்து தேநீர்க் குடுவையை எடுத்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள். இஞ்சின் ஆறும் வரைக்கும் நகரவில்லை. பிறகு குளிரக் குளிரக் கிளப்பச் சொன்னாள். முதல் திருப்பிலேயே கிளம்பியது. அது அவளுக்கு ஏமாற்றமாகவே இருந்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

வாங்கியதைவிட மாற்றியமைத்தது பெரிய கூத்து. வெல்டர் க்விண்டவிடம் கொண்டுபோனாள். பின்னால் மிலாறு வார, சீப்பு மாதிரி ஒரு வாரி வேண்டும். வைக்கோல் வாரியின் கம்பி வளையும், ஆகாது. மாட்டுத் தீவனம் அள்ளும் பழைய கவ்வி ஒன்றின் தடித்த இரும்புப் பற்களை வெட்டி ஒட்டச் சொன்னாள். நல்ல யோசனைதான். பிறகு சந்தேகம் பிடித்துக்கொண்டது. கொப்புக்கடியில் அடிக்கட்டை ஒளிந்திருந்து இஞ்சினின் அடிவயிற்றைக் கிழித்தால்? கனத்த தகடு போடு. மேலேயிருந்து கிளை விழுந்தால்? தலைக்கு மேலே கூண்டு போடு. குச்சி உள்ளே குத்தினால்? முன்னாடி வலை போடு. வாரியின் கனத்தில் ஏற்றத்தில் மூக்குத் தூக்கினால்? பழைய தண்டவாளத் துண்டை முன்னால் கட்டு.

"அக்கா, ஆட்டுக்குட்டிய வாங்கி காளைமாடு ஆக்கிட்ட," என்றான் க்விண்டவ். "இதுக்கு மேல இரும்பு வேணும்னா கப்பல் பட்டறைக்குத்தான் போகணும்."

"நீ ஒட்டு. தாங்குதா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன்."

வேலை நன்றாகவே ஓடியது. மிலாற்றை வாரி வரப்பு வரப்பாகக் குவித்தாள். கீழ்ச்சரிவு சுத்தமாகிவிட்டது. மேல்சரிவுக்குப் போகவேண்டுமானால் நடுவில் கோரைப்புல் மண்டிய ஒரு பள்ளத்தைத் தாண்டவேண்டும். அதற்கு வேறு வழி கிடையாது. மரம் வெட்ட வந்தவர்கள் தங்கள் இயந்திரம் புதையாமலிருக்க அந்தப் பள்ளத்தில் மிலாற்றைப் பாய் மாதிரி குறுக்கே பரப்பித்தான் ஓட்டினார்கள். அதை அவளும் பார்த்தவள்தான். ஆனால் அவர்களுடையது மலை மாதிரி இயந்திரம், நம்முடையது குட்டி, நமக்கு எதற்கு என்று அந்தப் பாயையும் வாரி எறிந்தாள். கிடக்கிற கொப்புக்கடியில் என்ன ஒளிந்திருக்குமோ என்ற பயம் வேறு. சுத்தமாகப் பார்த்தால்தான் அவள் மனசு ஆறும்.

மறுநாள் போனால் பள்ளத்தில் மிலாறு திரும்பக் கிடக்கிறது! காற்று கொண்டுவந்து போட்டதில்லை. அடியும் நுனியும் மாற்றி மாற்றி, குறுக்கே, யாரோ அடுக்கியிருக்கிறார்கள். மெலேரி வாரி எறிந்தாள். அதற்கும் மறுநாள் திரும்பக் கிடந்தது. அவள் வாரி எறிந்துவிட்டுப் பள்ளத்தைத் தாண்டி ஓட்டுவதும் அது திரும்பக் கிடப்பதுமாக இரண்டு மூன்று வாரம் ஓடியது.

யார் வேலை என்று அவள் யோசிக்கவே தேவைப்படவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எல்வெட். நாலு வருடத்துக்கு முன் அவளுடைய நாலு ஆட்டுக்குட்டிகள் மலையிலிருந்து திரும்பவில்லை, எல்வெட்டின் மந்தையில், யாருடைய ஆடு என்று அடையாளம் காட்டும் காதுவெட்டு புதிதாக ஆறிய குட்டிகள் சில இருந்தன. அவள் வாய்விட்டுக் கேட்டாள். அவன் பேச்சை நிறுத்தினான். அன்றைக்கு நிறுத்தியவன் கிளினின் சாவுக்கு வந்தபோதும் கடைசி வரிசையில் நின்று பாடிவிட்டுப் போனானே தவிர அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் தன் நாய் மோட்டிடம் பேசுவான், அவள் காதில் விழும்படியாக. அவளும் நாயிடமே பதில் சொல்லுவாள். இருவரின் வசவையும் கேட்டுக் கேட்டு அந்த நாய்க்கு வாலாட்டவே மறந்துபோயிருக்கும்.

'என் கன்று சாகணும், நான் தலையில கைவச்சு உக்காரணும், இந்த மேல்சரிவ அடிமாட்டு விலைக்கு அவன் வாங்கணும்' என்று அவளுக்குள் கொதித்தது. அதற்குள் பிர்ச் கன்றுகளில் மொட்டு தடிக்கத் தொடங்கிவிட்டது.

ஒரு நாள் விடிந்ததும் விடியாததுமாக ஒரு மிலாற்றுக் குவியலுக்குப் பின்னால் போய் நின்றாள். எல்வெட் வேலியைத் தாண்டி வந்தான், இடுப்பு வலியோடு ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து. அவள் குவித்த வரப்பிலிருந்தே கொப்பை இழுத்து வந்து பள்ளத்தில் அடுக்கினான். மெலேரி வெளியே வந்தாள்.

"மோட்! உன் எஜமானுக்கு வெக்கமே கிடையாதா? குட்டியத் திருடினது போதாதுன்னு இப்ப குப்பையத் திருப்பிக் கொட்ட வந்துட்டாரா?"

எல்வெட் நிமிரவில்லை. "டேய் மோட், அந்தம்மாகிட்ட சொல்லு. டயர்த் தடத்தப் பார்க்கச் சொல்லு. மொத வாரம் விரல் ஆழம். இப்ப முழங்கை ஆழம். கண்ணு இருக்கில்ல?"

"என் டிராக்டர் குட்டி டிராக்டர்னு சொல்லு மோட்!"

"குட்டியா வந்துச்சு. மேல ஏத்தின இரும்ப யார் சுமக்கறதாம்? கேளு."

"என் கன்னு வாடணும்னுதானே இந்த நாடகம்! அந்தப் பருப்பு இங்க வேகாதுன்னு சொல்லு!"

அவளுக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. நேரே போய் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். அவன் கண்முன்னாலேயே அடுக்கியதை எல்லாம் வாரி ஓரத்தில் தள்ளினாள். வாரியைத் தூக்கினாள். வெறும் பள்ளத்தில் இறக்கினாள்.

பாதி தூரம் ஒழுங்காகத்தான் போயிற்று. அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்க்கவும் பார்த்தாள், 'பார்த்தியா?' என்கிற பார்வை. அந்த நேரத்தில் இடதுபக்கம் கீழே போயிற்று. சக்கரம் சுற்றச் சுற்ற அடிவயிற்றுத் தகடு சேற்றில் உட்கார்ந்தது, டிராக்டர் சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது. கூண்டு ஒரு அடிக்கட்டையில் போய் முட்டி நின்றது. மெலேரி இருக்கை பெல்ட்டில் தொங்கினாள். கீழே கறுப்புத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.

"மெலேரி!"

நாலு வருடத்தில் அவன் அவள் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இஞ்சின நிறுத்து! குதிக்காத! குதிச்சா உன் மேலதான் உருளும். கூண்டுக் கம்பியப் பிடிச்சுட்டு அப்படியே இரு. அசையாத!"

சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டான். அவ்வளவுதான், சிரித்துக்கொண்டு போகிறான், ஊரைக் கூட்டிக் காட்டப்போகிறான் என்றுதான் அவள் மனசு சொன்னது. சாகப்போகிற நேரத்திலும் சந்தேகம் போகவில்லை, பாருங்கள்! நாய் மட்டும் போகாமல் கரையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

எல்வெட்டின் பழைய டிராக்டர் வேலியை முறித்துக்கொண்டே வந்தது. கரையில் கெட்டி மண்ணில் நிறுத்தினான். அதன் பின்னால் உருளையில் சுற்றியிருந்த இழுவைக் கம்பியை இழுத்து வந்து, மிலாற்றை வயிற்றின் கீழே போட்டு அதன்மேல் குப்புறப் படுத்து ஊர்ந்து போய்க் கூண்டில் மாட்டினான். கம்பி இறுகி டிராக்டர் சாயாமல் நின்றபிறகுதான் அவளை இறங்கச் சொன்னான். இறங்கியவளை மிலாற்றின் மேலேயே நடக்கவைத்துக் கரைக்குக் கொண்டுவந்தான்.

இருவரும் சேறும் சகதியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஹெவினை நான்தான் வெளிய இழுத்தேன்," என்றான், நாயைப் பார்க்காமல், அவளைப் பார்த்து. "இதே மாதிரி கோரைப் பள்ளம். குட்டி டிராக்டர்தானேன்னான். கூண்டு கிடையாது. நான் போறதுக்குள்ள..."

ஹெவின் அவனுடைய தம்பி. அவன் செத்த விதம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், மெலேரிக்கும் தெரியும். சவ ஊர்வலத்துக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தவளே அவள்தான். ஒவ்வொரு நாளும் இடுப்பு வலியோடு ஒருத்தன் கொப்பு அடுக்குவதற்கு அது காரணமாயிருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"வாயத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே, யோவ்!"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

அவள் ஒரு குச்சியை எடுத்து பூட்ஸில் ஒட்டிய சேற்றை வழிக்கத் தொடங்கினாள்.

அன்று மாலைக்குள் டிராக்டர் கரையேறியது. மறுநாள் க்விண்டவ் வந்து தகட்டையும் தண்டவாளத்தையும் கழற்றினான். கூண்டைத் தொட மெலேரி விடவில்லை, அது விஷயத்தில் அவள் சந்தேகப்பட்டது சரி என்று எல்வெட்டும் நாயிடம் ஒப்புக்கொண்டான். பள்ளத்தில் மிலாற்றை இருவருமாகக் குறுக்கே அடுக்கினார்கள், அடியும் நுனியும் மாற்றி மாற்றி. மேல்சரிவு சுத்தமாயிற்று. இரண்டு பேர் மண்வெட்டி பிடித்ததால் மொட்டு விரிவதற்குள் கன்றுகள் மண்ணுக்குள் போய்விட்டன. கடைசி ஓக்கை மெலேரி தன் கையால் நட்டு, காலால் மிதித்து இறுக்கினாள்.

தேநீர்க் குடுவையைத் திறந்து, திராட்சை ரொட்டியை வெளியே எடுத்தாள். கத்தியால் இருவருக்கும் துண்டு போட்டாள். பிறகு அவள் நாயின் பக்கம் திரும்பினாள்.

"மோட், இவ்வளவு ஆனபிறகு உன் எஜமான் பொய் சொல்லமாட்டார். அந்த நாலு குட்டி விஷயம். நான் பாவி, வீணா சந்தேகப்பட்டுட்டேன்னு சொல்லு."

எல்வெட் தேநீரை ஊதினான். பள்ளத்தைப் பார்த்தான். நாயின் காதைச் சொறிந்தான்.

"டேய் மோட்," என்றான் கடைசியில், "ரெண்டுதான்னு சொல்லு. நாலு இல்ல."

மெலேரி கத்தியைக் கீழே வைத்தாள். அவனுக்கென்று வெட்டிய துண்டை எடுத்து நாய்க்குப் போட்டாள்.